மேலே நடப்பது கீழே தெரியும்: எல்பிடிடே குடும்பத்துக் கடல் அட்டைகள்

அயர்லாந்துக்குத் தென்மேற்கே, வட அட்லாண்டிக்கின் அடியில் போர்க்குப்பைன் என்ற பெயரில் ஒரு சேற்றுச் சமவெளி இருக்கிறது. ஆழம் ஏறக்குறைய 4,850 மீட்டர். 1989 முதல் ஆய்வுக் கப்பல்கள் அங்கே திரும்பத் திரும்பப் போய் இழுவலை போட்டும் அடித்தரையைப் படம் பிடித்தும் கணக்கெடுத்து வருகின்றன. தொடக்க ஆண்டுகளில் ஆம்பெரிமா ரோசியா என்ற சின்னக் கடல் அட்டை அங்கே அரிதான விருந்தாளி. ஒரு ஹெக்டேர் சேற்றைத் தேடினால் ஒன்றிரண்டு கிடைக்கும், அவ்வளவுதான். 1996-ல் வலை மேலே வந்தபோது நிலைமையே மாறியிருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளின் உச்சத்தில் ஒரு ஹெக்டேருக்கு ஆறாயிரத்துக்கும் மேல் எண்ணினார்கள். அதாவது, இரண்டு சதுர மீட்டருக்கு ஒன்றுக்கும் கூடுதல். சில சென்டிமீட்டர் நீளமே உள்ள, இளஞ்சிவப்பாய் ஒளி ஊடுருவும் உடல் கொண்ட அந்தப் பிராணி ஒரு சமவெளியையே நிறைத்துவிட்டது.

ஆய்வாளர்கள் இதற்கு 'ஆம்பெரிமா நிகழ்வு' என்றே பெயர் வைத்தார்கள். ஆழ்கடல் என்றால் எதுவும் மாறாத இடம், ஆயிரம் ஆண்டு கழித்துப் போனாலும் அதே சேறு, அதே உயிர்கள் என்ற நினைப்பு நெடுங்காலம் ஊறிப்போயிருந்தது. அந்த நினைப்பை உடைத்ததில் இந்த அட்டைக்குப் பெரிய பங்கு உண்டு. அது சேர்ந்த குடும்பத்தின் பெயர் எல்பிடிடே. ஆழ்கடலை மேற்கடலோடு கட்டிவைத்திருக்கும் கயிறு எது என்று யாராவது கேட்டால், நான் முதலில் கைகாட்டுவது இந்தக் குடும்பத்தைத்தான்.

கடல் அட்டை என்றதும் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருவது, ஆழம் குறைந்த கடலில் மணல்மேல் கிடக்கும் தடித்த, கருத்த, தோல்பை போன்ற பிராணி. பெயரில் அட்டை இருந்தாலும் அதற்கும் இரத்தம் குடிக்கும் அட்டைக்கும் உறவில்லை. அது முட்தோலி. நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் சொந்தம். அவற்றைப் போலவே இதன் உடலும் ஐந்தைந்து பகுதிகளாக அமைந்தது. என்ன, நட்சத்திரத்தைப் பக்கவாட்டில் படுக்கவைத்து நீளமாக இழுத்தால் வரும் வடிவம் இதற்கு. ஒரு முனையில் வாய், சுற்றிலும் உணர்கொம்புகள். மறுமுனையில் கழிவுத் துளை.

எல்பிடிடேக்களின் ஐந்தைந்து அமைப்பை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கஷ்டம். இவற்றுக்கு மேல், கீழ், முன், பின் எல்லாம் தெளிவாக உண்டு. வயிற்றின் இருபுறமும் வரிசையாகப் பருத்த குழாய்க்கால்கள். முதுகில் கொம்பு போலவோ பாய்மரம் போலவோ நீட்சிகள். உடல் கூழ் போன்றது, பெரும்பகுதி தண்ணீர். பல இனங்களில் தோல் வழியாகவே உள்ளே சேறு நிரம்பிய குடல் சுருண்டிருப்பது தெரியும். மற்ற பல கடல் அட்டைகள் கழிவுத் துளை வழியாக நீரை உள்ளிழுத்து, 'சுவாச மரம்' எனப்படும் கிளைத்த குழல்களால் மூச்சுவிடும். எல்பிடிடேக்கும் அதன் நெருங்கிய உறவுகளுக்கும் அந்த உறுப்பே கிடையாது. குளிர்ந்த நீரிலிருந்து ஆக்சிஜன் மெல்லிய தோல் வழியாகவே உடலுக்குள் ஊறிவிடுகிறது. மெதுவாக வாழும் உயிருக்கு அது போதும்.

அவ்வளவு ஆழத்தில் நசுங்காதா என்று கேட்கலாம். பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். நாலாயிரம் மீட்டரில் நானூறு மடங்கு. ஆனால் அழுத்தம் நசுக்குவது காற்று அடைத்த இடங்களைத்தான். நம் நுரையீரலும் நீர்மூழ்கியின் உள்ளறையும் அப்படிப்பட்டவை. இந்த அட்டைகளுக்குள் காற்றே இல்லை. உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். செல்லுக்குள் இருக்கும் புரதங்கள் அந்த அழுத்தத்தில் வேலை செய்யும்படி பழகியிருக்க வேண்டும், அது வேறு கதை. ஆனால் உடல் நசுங்கும் என்ற பயம் இங்கே தேவையில்லை.

இந்தக் குடும்பம் அறிவியலுக்கு அறிமுகமான விதம் கொஞ்சம் விசித்திரமானது. ஆழ்கடல் குடும்பத்தின் முதல் இனம் கிடைத்தது ஆழம் குறைந்த கடலில். சுவீடனின் ஹ்யால்மர் தேயேல், 1875-ல் நோர்டென்ஷோல்டு நடத்திய ஆர்க்டிக் பயணத்தில், சைபீரியாவுக்கு வடக்கே காரா கடலில் போனவர். அங்கே கிடைத்த பிராணியை அடுத்த ஆண்டே எல்பிடியா கிளேசியாலிஸ் என்று பெயரிட்டு விவரித்தார். துருவக் கடலில் மேல்நீரும் ஆழ்கடல் போலவே குளிர்ந்திருப்பதால், மற்ற இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் கீழே வாழும் உயிர்கள் சில அங்கே மேலேறி வந்துவிடுகின்றன.

அப்புறம்தான் வெள்ளம் போல வந்தது. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய பிரிட்டனின் சேலஞ்சர் கப்பல் ஆழத்திலிருந்து அள்ளிவந்த கடல் அட்டைகள் தேயேலிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர் 1882-ல் வெளியிட்ட அறிக்கை இந்தக் குடும்பத்துக்கும், அது அடங்கிய வரிசைக்கும் பெயர் கொடுத்தது. அவர் முன் இருந்தவை என்ன? வலையில் மற்ற பிராணிகளோடும் சேற்றோடும் பல கிலோமீட்டர் தூரம் உருண்டு, மேல்நீரின் வெப்பத்தில் தளர்ந்து, சாராயத்தில் சுருங்கிப்போன மாதிரிகள். தோலுக்குள் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துண்டுகளை உருப்பெருக்கியில் பார்த்துத்தான் இனம் பிரிக்க வேண்டும். கம்பி போல, வில் போல, கைகள் விரித்த நட்சத்திரம் போல ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வடிவம். இன்றும் உறுதியாக அடையாளம் காண அந்தத் துண்டுகள் வேண்டும். தேயேல் தன் வாழ்நாளில் இவற்றில் ஒன்றுகூட ஆழத்துச் சேற்றில் நடப்பதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. சுருங்கிய அந்தப் பைகளிலிருந்து அவ்வளவு சரியாக உருவங்களை வரைந்திருக்கிறாரே என்பது எனக்கு இப்போதும் வியப்புதான்.

உயிரோடு பார்ப்பது இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் நடந்தது. மரியானா அகழியின் அடியைத் தொட்ட அதே ட்ரியெஸ்ட் ஆழ்கடல் கலம், அறுபதுகளில் கலிபோர்னியாவின் சான் டியகோ பள்ளத்தில் இறங்கியபோது, ஸ்காட்டோபிளேன்ஸ் என்ற பேரினம் கூட்டமாகத் திரிவதைக் கண்டார்கள். பெயருக்கு 'இருளில் அலைபவர்' என்று பொருள். உள்ளங்கை நீளம், உருண்டையான வெளிர் உடல், ஐந்திலிருந்து ஏழு இணை வரை தடித்த கால்கள். பார்த்தவர்களுக்குப் பன்றிக்குட்டி நினைவு வந்ததால் ஆங்கிலத்தில் கடல் பன்றி என்ற செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டால் குழப்பம் வரும். நம் அகராதிகளில் கடற்பன்றி என்பது ஓங்கில் போன்ற பாலூட்டியைக் குறிக்கும் சொல். அதனால் நான் இதை நடக்கும் அட்டை என்றே சொல்லப்போகிறேன்.

அது உண்மையாகவே நடக்கிறது. கடல் அட்டைகளின் குழாய்க்கால்கள் பெரும்பாலும் சிறியவை, உறிஞ்சி ஒட்டிக்கொண்டு ஊர்பவை. கூழான சேற்றில் ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லை. அதனால் நடக்கும் அட்டைக்குக் கால்கள் நீண்டு, பருத்து, தூண்களாகிவிட்டன. எலும்பும் மூட்டும் இல்லாத இந்தத் தூண்களுக்குத் தோலுக்குள் இருக்கும் நீர் அறைகள்தான் விசை. அறையிலிருந்து நீர் காலுக்குள் தள்ளப்பட்டால் கால் விறைத்து நீளும். திரும்பிப் போனால் சுருங்கும். 1972-ல் அடித்தரைப் படங்களைக் கொண்டு இந்த நடையை விளக்கியவர் டென்மார்க்கின் பென்ட் ஹான்சன். முதுகிலும் நீண்ட கொம்புகள் இருக்கின்றனவே, அவையும் குழாய்க்கால்களின் மாற்றுருவம்தான். சான் டியகோ பள்ளத்துக் கூட்டங்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஒரே பக்கம் முகம் திருப்பி நின்றன. ஓட்டத்தில் மிதந்துவரும் உணவின் வாசனையை மோப்பம் பிடிக்கத்தான் அப்படி நிற்கின்றன என்பது பொதுவான விளக்கம். இறந்த திமிங்கலம் வந்து விழுந்த இடங்களில் இவை கூடுவதும் அதோடு பொருந்திப்போகிறது.

எல்லாமே நடப்பவையும் இல்லை. இதே குடும்பத்தின் பெனியாகோனி பேரினத்தில், கழுத்துப் பக்கத்து நீட்சிகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு முக்காடு போல நிமிர்ந்து நிற்கும். சில இனங்கள் அதை வீசி அடித்தரையிலிருந்து எழும்பி நீந்துகின்றன. பசிபிக்கின் நடுவே 1986-ல் விவரிக்கப்பட்ட பெனியாகோனி லியாண்டர் அப்படிப்பட்டது. இருந்த இடத்தில் உணவு தீர்ந்தால் எழும்பிப் போய் வேறிடத்தில் இறங்கலாம், நெருங்கிவரும் பிராணியிடமிருந்து தப்பவும் செய்யலாம். சேறு தின்னும் உயிருக்கு நீச்சல் எதற்கு என்று முதலில் தோன்றினாலும், உணவு திட்டுத் திட்டாக விழும் இடத்தில் அது பெரிய வசதி.

உணவு என்று சொன்னேனே, இந்தக் குடும்பத்தின் முழு வரலாறும் அதில்தான் அடங்கியிருக்கிறது. நாலாயிரம் மீட்டர் கீழே வெளிச்சம் இல்லை, செடி இல்லை. வெந்நீர் ஊற்றுகள் போன்ற சில இடங்களைத் தவிர அங்கே உணவு உருவாவதே இல்லை. எல்லாம் மேலேயிருந்து விழ வேண்டும். வெயில் படும் மேல்நீரில் நுண்பாசிகள் பெருகி, செத்து, மற்ற உயிர்களின் கழிவோடு ஒட்டிக்கொண்டு துகள் துகளாக இறங்குகின்றன. இதற்குக் கடல்பனி என்று பெயர். வழியிலேயே பாக்டீரியாக்களும் பிற உயிர்களும் தின்றுவிடுவதால், மேலே உருவானதில் மிகச் சிறு பங்குதான் அடியைத் தொடும். அதுவும் ஆண்டு முழுக்க ஒரே சீராக வராது. மேலே வசந்தகாலப் பாசிப் பெருக்கம் முடிந்த சில வாரங்களில் கீழே பச்சையும் பழுப்புமாக ஒரு படலம் சேற்றின்மேல் வந்து படியும்.

அந்தப் படலத்தைத்தான் எல்பிடிடேக்கள் குறிவைக்கின்றன. வாயைச் சுற்றிய பத்து உணர்கொம்புகளால் சேற்றின் மேல்தோலை மட்டும் சுரண்டி உள்ளே தள்ளும். கண்ட சேற்றையும் விழுங்கிச் சலித்தெடுக்கும் பிராணி என்று நினைத்தால் தவறு. இதைக் கண்டுபிடித்த வழி அழகானது. கடல் நீரில் கரைந்திருக்கும் யுரேனியம் சிதைந்து தோரியம்-234 உருவாகிறது. இந்தத் தோரியம் நீரில் மிதக்கும் துகள்களில் ஒட்டிக்கொண்டு கீழே போகும். அதன் அரை ஆயுள் 24 நாள்தான். ஆகவே, ஒரு பிடி சேற்றில் தோரியம்-234 நிறைய இருந்தால் அது அண்மையில் விழுந்தது. சில மாதம் பழையதென்றால் ஏறக்குறைய எல்லாம் போயிருக்கும். பசிபிக்கில் பிடித்த ஆழ்கடல் அட்டைகளின் குடலில் இருந்ததையும் சுற்றியிருந்த சேற்றையும் ஒப்பிட்டு 2000-ல் வெளியிட்டார்கள். நடக்கும் அட்டையின் குடலில் இருந்தது சுற்றுச் சேற்றைவிட மிகப் புதிய சரக்கு. கண்ணே இல்லாத பிராணி, நேற்று விழுந்ததையும் போன வருடம் விழுந்ததையும் பிரித்தறிந்து பொறுக்கித் தின்கிறது.

இப்போது ஆம்பெரிமா நிகழ்வுக்குத் திரும்பலாம். அங்கே நடந்தது எண்ணிக்கை கூடியது மட்டும் இல்லை. அடித்தரைப் படங்களில் தெரியும் தடங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். தொண்ணூறுகளின் முற்பாதியில் அந்தச் சமவெளியின் மேற்பரப்பு முழுவதையும் பெரிய பிராணிகள் எல்லாம் சேர்ந்து ஒருமுறை மேய்ந்து முடிக்க இரண்டரை ஆண்டு ஆகியிருக்கும். ஆம்பெரிமா பெருகிய பிறகு அதே வேலைக்கு ஆறு வாரம்கூடத் தேவைப்படவில்லை. முன்பு கோடைதோறும் படங்களில் பச்சைப் படலம் தெரியும். அந்த ஆண்டுகளில் படலத்தையே காணவில்லை. மேலேயிருந்து எதுவும் விழாமல் போனதாக நினைத்துவிடக் கூடாது. விழ விழ அட்டைகள் மேய்ந்துவிட்டன என்பதே ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம். சேற்றுக்குள் வாழும் புழுக்களுக்கும் ஒரு செல் உயிர்களுக்கும் மிச்சம் என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு இனத்தின் பெருக்கம் ஒரு சமவெளியின் சாப்பாட்டுக் கணக்கையே மாற்றி எழுதிவிட்டது.

அவ்வளவு வேகமாகப் பெருக முடிந்தது எப்படி? ஆம்பெரிமாவின் முட்டைகள் சிறியவை. ஆழ்கடலில் பல உறவுகள் பெரிய முட்டை சிலவற்றில் முதலீடு செய்யும்போது, இது சிறிய முட்டைகளை நிறைய இட்டுவிடும். நல்ல காலம் வந்தால் சட்டென்று பயன்படுத்திக்கொள்ளும் குணம் அது. வந்த உணவின் அளவைவிட அதன் தரமே காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். முட்டைக்குத் தேவையான நிறமிகளை இந்த அட்டைகளால் தாமாக உருவாக்க முடியாது, மேலே வாழும் பாசியிலிருந்துதான் வர வேண்டும். எந்தப் பாசி பெருகியது என்பது மாறினால், கீழே எந்த அட்டை பெருகும் என்பதும் மாறும். 2002-ல் ஆம்பெரிமா மறுபடியும் ஒருமுறை பெருகித் தணிந்தது.

இது அட்லாண்டிக்கின் ஒரு மூலையில் நடந்த விபத்தா என்றால், பசிபிக்கிலும் அதே கதை. கலிபோர்னியாவுக்கு மேற்கே சுமார் 220 கிலோமீட்டரில், நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் 'எம்' நிலையம் என்ற ஆய்வு இடம் 1989 முதல் கண்காணிப்பில் இருக்கிறது. 1997-98 எல் நினோவும் அடுத்து வந்த லா நினாவும் மேற்கடலைப் புரட்டிப்போட்டதன் எதிரொலி, அடியில் நடமாடும் பிராணிகளின் வரிசையிலேயே தெரிந்தது. எல்பிடியா, பெனியாகோனி, ஸ்காட்டோபிளேன்ஸ் ஆகியவற்றில் சில குறைந்தன, சில கூடின. 2004-ல் இது வெளியானபோது, பருவநிலையின் ஆட்டம் கடலின் அடிவரை எட்டுகிறது என்பதற்கு நேரடிச் சான்றாக அமைந்தது.

இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் பாதித்தது ஆர்க்டிக்கில் 2012-ல் பார்த்தது. அந்தக் கோடையில் கடல்பனிக்கட்டி பதிவான வரலாற்றிலேயே மிகக் குறைந்த பரப்புக்குச் சுருங்கியது. பனிக்கட்டியின் அடிப்புறத்தில் மெலோசிரா ஆர்க்டிகா என்ற பாசி இழை இழையாகத் தொங்கி வளரும். பனி உருகியதும் அது பிடி விட்டுப்போய்க் கட்டி கட்டியாகக் கீழே விழுந்தது. ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பலில் போனவர்கள் நாலாயிரம் மீட்டர் வரையான ஆழத்தில் பாசிக் கட்டிகள் சிதறிக் கிடப்பதைப் படம் எடுத்தார்கள். அவற்றின்மேல் உட்கார்ந்து மேய்ந்துகொண்டிருந்தது கோல்கா ஹயலினா. இதுவும் எல்பிடிடே குடும்பம்தான். 1879-ல் நார்வேக்காரர்கள் டேனியல்சனும் கோரெனும் வைத்த பெயர். கோல்கா என்பவள் நோர்ஸ் புராணத்தில் கடலரசன் ஏகிரின் ஒன்பது மகள்களில் ஒருத்தி, ஒன்பது பேரும் அலைகள். பாசியைத் தின்ற கோல்காக்கள் பெரிதாக வளர்ந்து, இனப்பெருக்க உறுப்புகள் முதிர்ந்து இருந்தன. உணவு அவற்றுக்குக் கொஞ்ச காலமாகவே கிடைத்திருக்க வேண்டும் என்பதற்கு அது அடையாளம். அதே விழுந்த பாசி, உண்ணப்படாமல் அழுகிய இடங்களில் சேற்றின் ஆக்சிஜனைக் குறைத்துவிட்டதும் தெரிந்தது.

அகழிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறாயிரம் மீட்டருக்குக் கீழே, மற்ற பல விலங்குக் கூட்டங்கள் மெலிந்துபோகும் இடத்தில், கடல் அட்டைகள் கூடுகின்றன. டென்மார்க்கின் கலாத்தியா கப்பல் 1951-ல் பிலிப்பைன் அகழியில் பத்தாயிரம் மீட்டருக்கும் கீழிருந்து உயிர்களை மேலே கொண்டுவந்தபோது அவற்றிலும் கடல் அட்டைகள் இருந்தன. எல்பிடியா பேரினத்தின் பல இனங்கள் இப்படி அகழிவாசிகள். அகழியின் சரிவு புனல் போல உணவை அடிக்குத் திரட்டித் தருவதும், சதைக்கு எலும்போ கனத்த ஓடோ தேவைப்படாத உடலும் இதற்கு உதவுகின்றன. அந்த ஆழத்து நீர் சுண்ணாம்பைக் கரைத்துவிடும் தன்மை கொண்டது. தடித்த ஓடு கட்டிக் காப்பது அங்கே பெரும் செலவு.

இந்த மென்னுடலையே வீடாக நம்பி வாழும் உயிர்களும் உண்டு. கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவுக்கு வெளியே, நடக்கும் அட்டைகளின் வயிற்றுக்கு அடியில் குட்டி நண்டுகள் தொங்கிக்கொண்டு போவதைக் கண்டார்கள். நியோலித்தோடஸ் என்ற அரச நண்டின் குஞ்சுகள் அவை. சுமார் 2,600 அட்டைகளை எண்ணியதில் ஏறத்தாழ நாலில் ஒன்றில் நண்டு இருந்தது. நண்டுக் குஞ்சுகளின் பக்கமிருந்து பார்த்தால் எண்ணிக்கை இன்னும் அழுத்தமானது: கண்ணில் பட்டவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அட்டையில்தான் ஒட்டியிருந்தன. பாறையும் பவளமும் இல்லாத வெறும் சேற்றுவெளியில், ஒளிந்துகொள்ளக் கிடைத்த ஒரே கூரை நடந்துபோகும் அட்டைதான்.

இனி, ஏன் இன்று இவற்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது என்பது. ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையே கிளாரியன்-கிளிப்பர்டன் பகுதியில், சேற்றின்மேல் உருளைக்கிழங்கு அளவில் மாங்கனீசு உருண்டைகள் சிதறிக் கிடக்கின்றன. நிக்கல், கோபால்ட், செம்பு உள்ள இவை பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்ற வேகத்தில் வளர்பவை. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் உள்ள சர்வதேசக் கடற்படுகை ஆணையம் அங்கே ஆய்வு உரிமங்களை வழங்கியிருக்கிறது. உருண்டைகளை அள்ளும் இயந்திரம் கூடவே எடுப்பது சேற்றின் மேல் சில சென்டிமீட்டரை. எல்பிடிடேக்கள் சாப்பிடுவதும் அதைத்தான்.

அள்ளினால் என்ன ஆகும் என்று பார்க்க 1989-லேயே ஒரு சோதனை நடந்தது. பெரு நாட்டுக்கு அப்பால் பசிபிக்கில், நாலாயிரம் மீட்டருக்கும் கீழே, ஒரு கலப்பையை 78 முறை குறுக்கும் நெடுக்குமாக இழுத்தார்கள். 2015-ல் திரும்பிப் போனபோது உழுத சால்கள் புதிதாகப் போட்டவை போலவே இருந்தன. கடல் அட்டைகளின் எண்ணிக்கை மட்டும், உழாத இடங்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. நடமாடும் உயிர் என்பதால் திரும்பி வந்துவிட்டன. ஓரிடத்தில் நின்று நீரை வடிகட்டி உண்ணும் உயிர்கள் அப்படி மீளவில்லை. இந்த முடிவை வைத்து அட்டைகளுக்கு ஆபத்தில்லை என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் கலப்பை உருண்டைகளைப் புதைத்ததே தவிர அள்ளிக்கொண்டு போகவில்லை. உழுத பரப்பும் சிறியது, சுற்றிலும் தொடாத சேறு கண்ணுக்கெட்டிய தூரம் இருந்தது. வணிக அளவில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் அள்ளும்போது, திரும்பி வருவதற்கு அக்கம்பக்கத்தில் யார் மிச்சம் இருப்பார்கள்?

எண்ணிச் சொல்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தப் பகுதியின் ஆய்வு அட்டவணைகளைப் பார்த்தால் பல கடல் அட்டைகளுக்கு முழுப் பெயர் இருக்காது. பேரினப் பெயரும் பக்கத்தில் ஒரு எண்ணோ எழுத்தோ மட்டும் இருக்கும். படத்தில் முக்காடு தெரிகிறது, கால்களை எண்ணலாம், நிறம் தெரிகிறது. ஆனால் தோலுக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துண்டு படத்தில் விழாது. அதற்கு உடல் வேண்டும், உடலோ தேயேலின் காலத்தைப் போலவே இன்றும் மேலே வருவதற்குள் குழைந்துபோகிறது. தொலைவிலிருந்து இயக்கும் கலங்களின் கைகளால் ஒவ்வொன்றாக மெல்ல உறிஞ்சி, குளிர்ந்த பெட்டியில் வைத்து மேலே கொண்டுவரும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை அந்த அட்டவணையில் அவை பெனியாகோனி ஒன்று, பெனியாகோனி இரண்டு.